கல்லும் பட்டும், நடுவே மரமும்

காஞ்சிபுரம் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு இரண்டு பொருள்கள்தாம் ஞாபகத்துக்கு வரும்: ஒன்று கல், மற்றொன்று பட்டு. கோயில் பார்க்கப் போகிறவர்கள் கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் போகிறவர்கள் பட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இரண்டையும் ஒரே நாளில் முடித்துக்கொண்டு, நடுவில் ஒரு காஞ்சிபுரம் இட்லியையும் சாப்பிட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸைப் பிடித்துவிடுகிற கெட்டிக்காரர்களும் உண்டு. இவர்களில் ஒருவராவது அந்த ஊரில் மரத்தைப் பார்த்ததாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஏகாம்பரநாதர் கோயில் மாமரம் ஒன்றைத் தவிர. அதுவும் தச்சன் கைபடாத மரம்.

எனக்கு மரத்தின்மேல் ஒரு தனி அபிமானம் உண்டு. பேனா ஓடாத நாட்களில் பின்கட்டுத் தாழ்வாரத்தில் பழைய பெஞ்சு ஒன்றைப் போட்டுக்கொண்டு இழைப்புளியைத் தள்ளிக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டுப் புத்தக அலமாரியும் ஒரு முக்காலியும் அப்படிப் பிறந்தவை. இந்த அபிமானத்தோடு காஞ்சிக்குப் போகிறவனுக்கு அந்த ஊர் சற்று வேறு மாதிரி தெரிகிறது. கல்லுக்கும் கைகொடுத்து, பட்டுக்கும் கைகொடுத்து, தனக்கென்று சரித்திரத்தில் ஓர் இடம் கேட்காமல் ஒதுங்கிக்கொண்ட மரம் அவன் கண்ணில் படுகிறது.

முதலில் கல்லையே எடுத்துக்கொள்வோம். கோயில் கட்டுகிறவனைத் தமிழில் கல்தச்சன் என்கிறோம். தச்சு என்பது மர வேலை. கல்லில் வேலை செய்கிறவனுக்கு மரக்காரனின் பெயரையே இரவல் வாங்கிக் கொடுத்திருக்கிறோம் என்றால், நம் நாட்டில் முதலில் கோயில் எழுப்பியவன் யார் என்பது தெரிந்துவிடுகிறது அல்லவா? இதற்கு ஓர் அரசனே சாட்சி சொல்லியிருக்கிறான். விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் மண்டகப்பட்டு என்ற ஊர் இருக்கிறது. அங்கே 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து ஒரு கோயில் செய்தான். செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமலே மும்மூர்த்திகளுக்கு இந்த ஆலயத்தை எடுத்ததாக அங்கே சமஸ்கிருதத்தில் கல்வெட்டும் பொறித்து வைத்தான். பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான். அவன் பெருமைப்படுவதிலிருந்தே அதுவரை வழக்கம் என்ன என்பது புலனாகிவிடுகிறது. செங்கல்லும் மரமும்தான் வழக்கம். அவை போய்விட்டன, பாறை நிற்கிறது.

பாறைக்கு மாறிய பிறகும் தச்சனின் கை பழக்கத்தை விடவில்லை. காஞ்சியில் கி.பி. 700-ஐ ஒட்டி ராஜசிம்மன் எடுத்த கைலாசநாதர் கோயிலுக்குப் போனால், சிங்கத் தூண்களையே பார்த்துக்கொண்டு நிற்காமல், தூணும் உத்திரமும் சேரும் இடத்தைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். அங்கே போதிகை என்று ஒரு குறுக்குக் கட்டை இருக்கும். மர வீட்டில் அதற்கு அவசியமான வேலை உண்டு. நீண்ட உத்திரத்தின் நுனியை ஒற்றைத் தூண் தலையில் வைத்தால் உத்திரம் தொய்யும். நடுவில் ஒரு கட்டையைக் குறுக்கே கொடுத்தால் பாரம் பரவும். நம் பழைய வீட்டுத் திண்ணைத் தூண்களில் இன்றைக்கும் பார்க்கலாம். மரவீட்டில் பிறந்த அந்தக் கட்டை கல்லிலும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. கொடுங்கையில் வரிசையாக லாட வடிவில் இருக்கும் கூடுகளும் வளைத்துக் கட்டிய மரக்கூரையின் முகப்புதான். மாமல்லபுரத்தில் திரௌபதி ரதம் என்று சொல்கிறார்களே, அது ஓலைக் குடிசையை அப்படியே கல்லில் வார்த்த மாதிரி இருக்கும். பல்லவச் சிற்பத்தைப் புகழாத பேனா இல்லை. அந்தச் சிற்பத்துக்கு மாதிரி செய்து கொடுத்த மரத்தச்சனை யாரும் புகழக் காணோம். அவன் செய்தது ஒன்றுகூட மிஞ்சவில்லையே, எதைக் காட்டிப் புகழ்வது?

ஒன்றே ஒன்று காஞ்சியில் மிஞ்சியிருக்கிறது என்று சொல்லலாம். அது மிஞ்சிய விதம் வேடிக்கையானது. வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் புஷ்கரிணியில், நீராழி மண்டபத்தின் அடியில், தண்ணீருக்குள் சயனித்திருக்கும் அத்தி வரதரைத்தான் சொல்கிறேன். முற்காலத்தில் அவரே மூலவராக இருந்தார் என்பது கோயில் மரபு. நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருளுகிறார். 1939-இல் வந்தார், 1979-இல் வந்தார், பிறகு 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாள் தரிசனம் கொடுத்தார். முதலில் கிடந்த கோலம், ஆகஸ்டு பிறந்ததும் நின்ற கோலம். ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்து போனார்கள் என்று கணக்குச் சொன்னார்கள். இனி 2059.

அத்தி, தச்சர்களிடம் நல்ல பெயர் வாங்கிய மரம் அல்ல. மென்மையானது, வெளியில் போட்டால் பூச்சிக்கும் பூசணத்துக்கும் சீக்கிரமே இரையாகும். வாசற்கால் வைக்க யாரும் அத்தியைத் தேடிப் போகமாட்டார்கள். ஆனால் தண்ணீருக்குள் அது நெடுங்காலம் உழைக்கும். கிணற்றுச் சுவருக்கு அடியில் போடும் மரச்சட்டத்துக்கு அத்தியை எடுப்பது பழைய வழக்கம். நீரடியில் நிலைக்கிற மரத்தை நீரடியிலேயே வைத்திருக்கிறார்கள். பக்திமான்கள் இதில் பெருமாளின் திருவுள்ளத்தைக் காண்கிறார்கள். எனக்கு அதோடு ஒரு பழைய தச்சனின் புத்தியும் தெரிகிறது. இரண்டுக்கும் சண்டை எதுவும் இல்லை.

மரத்தைத் தண்ணீர் கெடுக்கும் என்றுதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். மரத்தை அரிப்பவை பூச்சியும் பூசணமும். அவற்றுக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். முழுக்க உலர்ந்த மரத்தில் ஈரம் இல்லை. முழுக்க மூழ்கிய மரத்தில் காற்று இல்லை. இரண்டும் கூடுகிற இடத்தில்தான் மோசம். வேலிக் கம்பத்தைப் பிடுங்கிப் பார்த்தால் மண்ணுக்குள் ஆழத்தில் இருக்கிற பாகமும் கெட்டியாக இருக்கும், மேலே வெயிலில் நிற்கிற பாகமும் கெட்டியாக இருக்கும், தரைமட்டத்தில் மட்டும் உளுத்துப் போயிருக்கும். தோட்டத்தில் பந்தற்கால் நடுகிறவர்கள் அந்த ஒரு சாணுக்குத்தான் தாராளமாகத் தார் பூச வேண்டும். நெடுநாள் ஊறிய மரத்துக்கு உண்மையான கண்டம், வெளியே வந்து உலரும்போது வருகிறது. ஸ்வீடன் தேசத்தில் 1628-இல் முதல் பயணத்திலேயே மூழ்கிய ‘வாசா’ என்ற போர்க்கப்பலை 1961-இல் தூக்கினார்கள். அப்படியே காய விட்டால் சுருங்கி வெடித்துவிடும் என்று, மெழுகு போன்ற ஒரு ரசாயனத்தை நீரில் கரைத்துப் பதினேழு வருஷம் அதன்மேல் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். அந்தத் தெளிப்பு முடிந்த வருஷம் 1979. இங்கே அத்தி வரதர் வெளியே வந்த அதே வருஷம். அவர்கள் கப்பலைக் கரையில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள்; நாம் 48 நாள் பார்த்துவிட்டுத் திரும்பவும் குளத்திலேயே விட்டுவிடுகிறோம்.

மரம் போகட்டும். அதைச் செதுக்கியவன் என்ன ஆனான்? கம்மாளர் என்று சொல்லப்படும் ஐந்தொழிலாளரில் தச்சனும் ஒருவன். அவன் நிலைமையைத் தெரிந்துகொள்ளக் கரூர்க் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தோடு ஓர் அரசன், கொங்கு நாட்டுக் கம்மாளருக்குச் சில உரிமைகளை வழங்குகிறான். அவர்கள் வீட்டு நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம். வெளியே போகும்போது காலில் செருப்பு அணியலாம். தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். கடைசி உரிமையைப் படித்தபோது எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஊரார் வீட்டையெல்லாம் கட்டிக் கொடுத்தவன், தன் வீட்டுச் சுவரில் சாந்து பூச ராஜாவின் உத்தரவுக்குக் காத்திருந்திருக்கிறான்.

கருவிகளைப் பற்றியும் காஞ்சிக்குச் சம்பந்தமுள்ள ஒரு பழைய கதை உண்டு. தொண்டை நாட்டை ஆண்ட தொண்டைமானிடம் அதியமானின் தூதாக ஔவையார் போகிறார். தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைக் காட்டுகிறான். மயிற்பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசிப் பளபளவென்று அடுக்கி வைத்திருக்கிறது. ஔவையார் அதைப் புகழ்கிற மாதிரியே புகழ்ந்து, எங்கள் அதியமானுடைய வேல்களோ நுனி முறிந்து எப்போதும் கொல்லன் உலைக்களத்தில்தான் கிடக்கின்றன என்கிறார். புறநானூற்றில் இருக்கிறது. போர்க் கருவிக்குச் சொன்னது தச்சுக் கருவிக்கும் பொருந்தும். ஒருவர் வீட்டில் சீமை உளிகள் வரிசையாகக் கண்ணாடிப் பீரோவில் இருந்தால், ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கத்தான் வாங்கியிருக்கிறார் என்று நான் முடிவுகட்டிவிடுவேன். வேலைக்காரனுடைய உளி பாதி தேய்ந்திருக்கும். கொட்டாப்புளியின் முகம் குழிந்திருக்கும்.

அப்படிப்பட்ட உளிகளைப் பிள்ளையார்பாளையத்தில் பார்த்தேன். காஞ்சியில் நெசவாளர்கள் நிறைந்த பகுதி அது. தறிக்கு மரச்சாமான் செய்கிற பெரியவர் ஒருவர், எழுபதைத் தாண்டியவர், திண்ணையிலேயே பட்டறை போட்டிருந்தார். வாச்சி, இரண்டு ரம்பம், நாலைந்து உளி, இழைப்புளி, மூலைமட்டம், சாணைக்கல். அவ்வளவுதான் அவருடைய தொழிற்சாலை. நான் இழைப்புளியைக் கையில் எடுத்துப் பார்த்த தோரணையிலேயே கண்டுகொண்டார்.

“ஐயாவுக்கும் பழக்கம் உண்டு போலிருக்கே?”

“பொழுதுபோக்குக்குச் செய்கிறதுதான் பெரியவரே. மேஜை, முக்காலி.”

“மேஜை முரடா இருந்தா மனுஷன் பொறுத்துக்குவான். பட்டு பொறுக்காதுங்க” என்றார்.

பட்டு நெசவாளிக்குத் தறி என்பது குழித்தறி. நெசவாளி குழியின் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிகட்டையை மிதிக்கிறான். எதிரே பாவு இழுத்துக் கட்டியிருக்கும். மிதித்ததும் பாவின் இழைகள் மேலும் கீழுமாகப் பிரிகின்றன. அந்த இடைவெளியில் ஊடை இழையைச் சுமந்துகொண்டு நாடா ஓடுகிறது. பிறகு அச்சுப் பலகையை இழுத்து அடித்தால் இழை நெருங்குகிறது. நெய்த துணி மரத்தில் சுற்றிக்கொள்கிறது. அச்சின் பல்லையும் சில ஆணிகளையும் கயிறுகளையும் தள்ளிவிட்டால் மிச்சமெல்லாம் மரம். ஒரு கட்டையில் துளை, மற்றதில் துளைக்குள் நுழையும் நாக்கு, இறுக்க ஓர் ஆப்பு. ஆப்பைத் தட்டிவிட்டால் கழற்றலாம். மழைக்காலத்தில் மரம் உப்பும், கோடையில் சுருங்கும். அதற்குத் தகுந்தபடி ஆப்பைத் தளர்த்தியோ இறுக்கியோ வைத்துக்கொள்கிறது நெசவாளியின் வேலை. குழியருகே தரைமட்டத்தில் நிற்கும் கால்கள்தாம் முதலில் உளுக்கும். வேலிக் கம்பத்தின் கதைதான்.

பெரியவர் ஒரு நாடாவை இழைத்து முடித்து, கையால் தடவிப் பார்த்ததோடு நிற்கவில்லை. மடியிலிருந்து ஒரு கொத்துப் பட்டு நூலை எடுத்து அதன்மேல் மெல்ல இழுத்தார். ஓர் இடத்தில் நூல் லேசாகத் தயங்கிற்று. விரலுக்குத் தெரியாத சிம்பு நூலுக்குத் தெரிந்துவிட்டது. மரத்தைத் திருப்பிப் பிடித்து, நார் ஓடுகிற போக்கிலே இரண்டு இழைப்பு இழைத்தார், மறுபடியும் நூலை இழுத்தார், வழுக்கிக்கொண்டு போயிற்று. வீட்டில் தச்சு செய்கிற அன்பர்களுக்கு இதைச் சிபாரிசு செய்கிறேன். பட்டு வேண்டியதில்லை, ஒரு துணுக்குப் பஞ்சு போதும். உப்புத்தாள் போட்டு ஒரு மணி நேரம் தேய்ப்பதைவிட, எங்கே தேய்க்க வேண்டும் என்று பஞ்சு ஒரு நிமிஷத்தில் காட்டிக் கொடுத்துவிடும். நாருக்கு எதிராகத் தள்ளினால் எவ்வளவு கூரான இழைப்புளியும் மரத்தைப் பிய்க்கத்தான் செய்யும்.

அவர் செய்துகொண்டிருந்தது கையால் எறியும் நாடா. இது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் 1733-லேயே விசைநாடாவுக்கு உரிமை வாங்கிவிட்டார். பலகையின் இரு கோடியிலும் ஒரு பெட்டி. நடுவில் தொங்கும் கயிற்றை ஒரு கை இழுத்தால் நாடா இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்குப் பறக்கும். மரவேலை என்று பார்த்தால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நெசவின் வேகமோ வெகுவாக ஏறிற்று. சென்னை மாகாணத்தில் 20-ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஆல்பிரட் சாட்டர்டன் சேலத்தில் அரசாங்க நெசவுச்சாலை நடத்தி இந்த விசைநாடாவைப் பரப்பப் பாடுபட்டார். பருத்தி நெசவில் அது நன்றாகவே பரவிற்று. காஞ்சிப் பட்டு மட்டும் ஏன் கைநாடாவையே பிடித்துக்கொண்டிருந்தது? நெசவாளிக்குப் பழமையில் மோகம் என்று சொல்லிவிடுவது சுலபம்.

விடை புடவையிலேயே இருக்கிறது. உங்கள் வீட்டில் நல்ல காஞ்சிபுரம் புடவை இருந்தால், உடல் ஒரு வர்ணமும் கரை வேறொரு வர்ணமுமாக இருக்கும். கலப்பே இல்லாத கெட்டி வர்ணங்கள். கரையின் பாவுக்குக் கரை வர்ண ஊடை, உடலின் பாவுக்கு உடல் வர்ண ஊடை. ஆகவே ஒரு நாடா போதாது. இடக்கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, வலக்கரைக்கு ஒன்று, ஆக மூன்று. கரையும் உடலும் சந்திக்கிற இடத்தில் ஓர் ஊடை மற்றதைக் கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். அதனால்தான் இதற்குக் கோர்வை என்று பெயர். விசைநாடாவோ ஒரு கோடிப் பெட்டியிலிருந்து மறுகோடிப் பெட்டிக்குத்தான் போகும். நடுவழியில் நின்று கைகோத்துத் திரும்ப அதற்குத் தெரியாது. அதோடு, புடவையின் அகலத்துக்கு ஒரு பக்கத்தில் உட்கார்ந்த நெசவாளியின் கை மறுபக்கத்துக் கரைக்கு வசதியாக எட்டாது. அவன் இரண்டு நாடாவைப் பார்த்துக்கொள்வான். மூன்றாவது நாடாவுக்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும்.

அந்த இன்னொரு ஆள் தலைமுறை தலைமுறையாக ஒரு சிறு பையன்.

இந்த இடத்தில் எனக்கு பிரெஞ்சு தேசத்து லியோன் நகரம் நினைவுக்கு வருகிறது. அதுவும் பட்டு நகரம்தான். அங்கே பூவேலைத் துணி நெய்ய, பாவு இழைகளைக் கணக்காகத் தூக்கிவிட ஒரு பையன் தறிப் பக்கத்தில் நாள் முழுக்கக் கயிறு இழுத்துக்கொண்டிருப்பான். நெசவாளி மகனான ஜக்கார்டு 1804-இல் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு அந்தக் கயிறுகளைத் தானே தூக்கும் கருவியைச் செய்தார். பையனுக்கு வேலை இல்லாமற் போயிற்று. அதே ஜக்கார்டுப் பெட்டி 20-ஆம் நூற்றாண்டில் காஞ்சிக்கும் வந்தது. நூல் கட்டி உருவம் எடுக்கும் ‘அடை’ என்ற பழைய முறையை அது பெரும்பாலும் தள்ளிவிட்டது. தறிக்கு மேலே உயரமாக மரச்சட்டம் கட்டி அதில் பெட்டியை ஏற்றினார்கள். கூரையை உயர்த்திக் கட்டியவர்களும் உண்டு. மயிலும் அன்னமும் யாளியும் சுலபமாக இறங்கின. ஆனால் ஜக்கார்டு தூக்குவது பாவை. நாடாவை அது தொடுவதில்லை. லியோனில் பையனை எழுப்பி அனுப்பிய அதே கருவி, காஞ்சியில் பையனின் தலைக்கு மேலே உட்கார்ந்துகொண்டது. கீழே அவன் மூன்றாவது நாடாவைத் தள்ளிக்கொண்டே இருந்தான்.

கோர்வையின் அழகைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பையனைச் சொல்வதில்லை. சொந்தப் பிள்ளையாக இருந்தால் தொழில் கற்கிறான் என்று சொல்லலாம். ஒரு மட்டுக்கு அது வாஸ்தவமும்தான். கடனுக்கு ஈடாக அடுத்த வீட்டுப் பிள்ளை வந்து உட்கார்ந்ததும் உண்டு. பட்டுத் தொழிலில் குழந்தைகள் இப்படிக் கட்டுண்டு கிடப்பது பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற அமைப்பு 2003-இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் பதினாலு வயதுக்குக் குறைந்தவர்களை நெசவில் வைக்கக் கூடாது என்றது. ஆனால் வீட்டுக்காரர் தம் குடும்பத்தோடு செய்கிற வேலைக்கு அது பொருந்தாது என்றும் சேர்த்துச் சொன்னது. 2016-இல் திருத்தியபோதுகூட, பள்ளி விட்டு வந்து குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு வாசலைத் திறந்தே வைத்தார்கள். என் அபிப்பிராயத்தில், சட்டம் செய்ததைவிடப் பள்ளிக்கூடமும் மதிய உணவும் சுற்றுவட்டாரத்தில் வந்த ஆலைகளும் அதிகம் செய்திருக்கின்றன. பையன்கள் தறியை விட்டு எழுந்துவிட்டார்கள். எழுந்தவர்களில் அநேகர் திரும்பி வரவில்லை. எதிர்ப்பக்கத்துக்கு ஆள் கிடைக்காததால், ஒரே நாடாவால் நெய்யும் கோர்வையில்லாத புடவைகள் பெருகிவிட்டன. அதில் கரை வர்ணம் அவ்வளவு கெட்டியாக விழாது. ஒரு நாடா இரண்டு வர்ணத்துக்குச் சேவகம் செய்தால் அப்படித்தான் இருக்கும். கோர்வை குறைந்தது கலைக்கு நஷ்டம் என்று என் நண்பர் ஒருவர் வருத்தப்பட்டார். எனக்கும் வருத்தம்தான். ஆனால் அந்தப் பையன் பள்ளிக்கூடத்தில் இருக்கிறான் என்று நினைக்கும்போது என் வருத்தம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

பெரியவரிடம், “முன்போலத் தறி வேலை வருகிறதா?” என்று கேட்டேன்.

“புதுத் தறி எங்கே வருது? பழசுக்கு ஒட்டுப்போடறதுதான். ஒரு கால் மாத்தணும், ஒரு பலகை மாத்தணும்.”

“கோர்வை நெய்கிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா?”

“இருக்காங்க. கையால எறியற நாடா அவங்களுக்குத்தானே.” இழைத்த நாடாவை வேட்டியில் துடைத்து ஓரமாக வைத்தார். சுவரில் சாத்தியிருந்த ஒரு குட்டையான பலகையைக் காலால் காட்டினார். “இது எதிர்ப்பக்கத்து உட்காருபலகைங்க. எங்க அப்பா காலத்திலே இதை ஒரு முழம்தான் அறுப்போம். சின்னப் பையன், இடம் போதும். உசத்தி வேற வைக்கணும், கை எட்டாது பாருங்க. இப்போ அளவு மாறிப்போச்சு.”

“என்ன அளவு?”

“ஒண்ணரை முழம். நாலு விரல் இறக்கி வைக்கச் சொல்றாங்க. வீட்டுக்காரம்மா உட்காருறாங்க.”

அவர் மூலைமட்டத்தை வைத்து, பென்சிலால் கோடு கிழித்து, ரம்பத்தை எடுத்தார்.